வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லை, பிள்ளை ஆங்கில இலக்கியம் எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் மல்லாவிப் பக்கம், வயல் செய்கிறோம். மகள் தரம் 9. தரம் 10 தொடங்க முதல் தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்து படிவம் கொடுக்க வேண்டும். நடனம், சங்கீதம், சித்திரம் இருக்கிற தொகுதியில் ஆங்கில இலக்கிய நயம்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆங்கிலத்துக்கு 60, 65 புள்ளி எடுப்பாள். நடனத்துக்கு 80க்குக் குறைந்ததில்லை. எனக்கும் கணவருக்கும் ஆங்கிலம் தெரியாது. "ஆங்கிலம் கட்டாயப் பாடமாக இருக்குதானே, பிறகு ஏன் இன்னொரு ஆங்கிலம்? அதெல்லாம் கொழும்புப் பிள்ளைகள் படிக்கிறது" என்கிறார் பிள்ளையின் பெரியப்பா. என் மாமி 77 கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவர். அவர் மட்டும் "படிக்க விடு" என்கிறார். என்ன செய்யலாம்? எடுத்தால் வீட்டில் நாங்கள் எப்படி உதவுவது?
– ஒரு தாய், துணுக்காய் வலயம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

எடுக்கட்டும். ஆனால் படிவத்தில் கையெழுத்து வைக்க முதல் ஒருக்கால் பாடசாலைக்குப் போய் அதிபரையும் ஆங்கில ஆசிரியரையும் கண்டு கதைத்துவிட்டு வாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நான் வன்னியில் 31 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். கடைசி ஆறு வருடம் ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாகத் திரிந்தேன். நீங்கள் கேட்டிருக்கிற கேள்வியைப் பல வீட்டுத் திண்ணைகளில் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் பெரியப்பாவின் கேள்வியை எடுப்போம். அது நியாயமான கேள்வி. சாதாரண தரத்தில் 9 பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று 6 பாடம் கட்டாயம். மிச்சம் 3 பாடத்தைத் தொகுதிகளிலிருந்து பிள்ளை தெரிவுசெய்ய வேண்டும். கட்டாயப் பாடமாக இருக்கிற ஆங்கிலம் ஒரு பாவனை மொழி. கடிதம் எழுது, அறிவித்தல் எழுது, படத்தைப் பார்த்து விவரி, பந்தியை வாசித்து விடை சொல் என்று போகும். வங்கியில் படிவம் நிரப்பவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் அது வேண்டும். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இலக்கிய நயம் வேறு பாடம். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், நயம். ஒரு கவிதையையோ நாடகத்தையோ கையில் கொடுத்து, இதில் யார் கதைக்கிறார், ஏன் இந்தச் சொல்லைப் போட்டார், உனக்கு என்ன தோன்றுகிறது, அப்படித் தோன்றுவதற்கு இதில் எந்த வரி காரணம் என்று கேட்கிற பாடம். விடையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளை பழகுவது வாசிக்கிற பழக்கத்தை. அது ஆங்கிலத்தோடு முடிகிற பழக்கம் இல்லை.

இதை எனக்கு விளங்கப்படுத்தியது ஒரு பொடியன். 2010ஆம் ஆண்டு. மீள்குடியேறி வந்து ஒரு வருடம்கூட ஆகாத பாடசாலை. சுவர் இருந்தது, கூரை இல்லை, மேலே தறப்பாள் கட்டியிருந்தோம். காற்று வந்தால் தறப்பாள் அடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. தரம் 10இல் இந்தப் பாடத்துக்கு ஐந்து பிள்ளைகள். டெனிசன் எழுதிய கழுகுக் கவிதையை எடுத்தேன். மொத்தமே ஆறு வரிதான். முதல் வரியில் கழுகு பாறை முனையை வளைந்த கைகளால் பற்றிக்கொண்டு நிற்கிறது. கடைசி வரியில் இடிபோலக் கீழே விழுகிறது. நான் வழமைபோல ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்தைப் பலகையில் எழுதிக்கொண்டு போனேன்.

பின்வாங்கில் இருந்தவன் கையை உயர்த்தினான். வவுனிக்குளத்தில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் வாயே திறக்காதவன்.

"சேர், கழுகுக்குக் கையா? கால்தானே?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். என்னுடைய நோட்ஸில் அந்த இடத்துக்கு ஒரு அணியின் பெயர் மட்டும் இருந்தது, அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். அன்றைக்கு ஏனோ போகவில்லை. நீ பார்த்த பருந்து எப்படி இருக்கும் என்று அவனைக் கேட்டேன். குளத்து நடுவில் நிற்கிற பட்ட மரத்தில் அசையாமல் இருக்கும், தலையை மட்டும் திருப்பும், மீனைக் கண்டால் காலை நீட்டிக்கொண்டு இறங்கும், காலால்தான் தூக்கும் என்றான். அப்ப இந்தக் கவிஞர் ஏன் கை என்று எழுதினார்? ஒருத்தி சொன்னாள், கை என்றால் அது ஆள் ஆகிவிடும், உயரத்தில் தனிய இருக்கிற ராசா மாதிரி என்று. இன்னொருத்தி, வளைந்த கை என்றால் வயசாளியின் கை என்றாள். வயசாளி எப்படி இடிபோல விழுவார் என்று இவன் கேட்டான். பிறகு சண்டை கடைசி வரிக்கு வந்தது. விழுந்ததா, பாய்ந்ததா? பாய்ந்தது என்றால் பாய்ந்தது என்றே எழுதியிருக்கலாமே, ஏன் விழுந்தது என்று எழுதினார்? மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

அந்தப் பிள்ளைகள் அப்போதுதான் முகாம்களிலிருந்து வந்தவர்கள். மூன்று வருடத்தில் எத்தனை பாடசாலை மாறினார்கள் என்று அவர்களுக்கே கணக்கு இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைப் பிழையில்லாமல் எழுத ஒருவருக்கும் வராது. ஆனால் அந்த ஆறு வரியை அவர்கள் வாசித்ததுபோல நான் அதுவரைக்கும் வாசித்திருக்கவில்லை. கழுகை நேரில் பார்த்தவனுக்குத்தான் "கை" என்ற சொல் இடறும். படத்தில் மட்டும் பார்த்தவன் அதைக் கடந்து போய்விடுவான். கொழும்புப் பிள்ளைகள் படிக்கிற பாடம் என்று பெரியப்பா சொன்னதற்கு என்னுடைய பதில் இதுதான். உங்கள் மகளிடம் குளமும் காடும் வயலும் இருக்கின்றன. அதைவிட, ஒரு சொல்லைக் கேட்டவுடன் நம்பிவிடாத அனுபவம் உங்கள் வீட்டில் இருக்கிறது. இந்தப் பாடத்துக்கு அவை மூலதனம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட, வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லைப் பற்றி உங்கள் மகள் கேள்விப்பட்டிருப்பாள். அந்தக் கல்லில் இருந்தது ஒரே ஒரு ஆங்கில வசனம். தமிழில் சொன்னால், "இந்தச் சுற்றுவட்டாரத்தில் கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803." பிற்காலத்தில் நான் இலக்கிய வகுப்பைக் கவிதையில் தொடங்குவதை விட்டுவிட்டு, இந்த வசனத்தைப் பலகையில் எழுதித்தான் தொடங்குவேன். யார் எழுவாய்? கப்டன். யார் செயப்படுபொருள்? பண்டாரவன்னியன். அவன் மண்ணில், அவன் பெயரில் நட்ட கல்லில், அவன் செய்தது ஒன்றும் இல்லை, அவனுக்குச் செய்யப்பட்டதுதான் இருக்கிறது. அதே வருடம் ஓகஸ்ட் 25இல் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது அந்த வசனத்தில் இல்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை, தோற்றது உண்மை. ஆனால் வசனம் எங்கே தொடங்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுதினவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது விளங்கிவிடும்.

ஒருதரம் ஒரு பிள்ளை அந்த வசனத்தின் முதற்சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "ஹியரபவுட்ஸ்" என்றால் இந்தப் பக்கத்தில் எங்கேயோ என்றுதானே அர்த்தம், அப்ப சரியான இடம் தெரியாமலா சேர் கல்லு நட்டவை என்று கேட்டாள். எத்தனையோ பேர் அந்த வசனத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். முதற்சொல்லில் நின்றவள் அவள். அவளுக்கு ஆங்கிலத்தில் 50 புள்ளிதான்.

சரி, இதெல்லாம் தமிழிலேயே படிக்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். படிக்கலாம். தமிழ் இலக்கிய நயமும் அதே தொகுதியில்தான் இருக்கிறது, அது சின்னப் பாடம் இல்லை. சொல்லப்போனால் இந்த வாசிப்பு நமக்குப் பழைய சொத்து. குறுந்தொகைப் பாட்டுக்கு மேலே "தலைவி தோழிக்குச் சொல்லியது" என்று கூற்றுப் போட்டிருப்பார்களே, அதுதான். யார், யாருக்கு, எந்த நேரத்தில் சொன்னது என்பது தெரியாமல் அந்தப் பாட்டு விளங்காது. ஆங்கில இலக்கிய வினாத்தாளிலும் இந்தக் கேள்வி வரும். இரண்டு மூன்று வரியை எடுத்துக் கொடுத்து, இதை யார் யாரிடம் சொன்னது, எப்போது, ஏன் என்று கேட்பார்கள். நல்ல தமிழ் ஆசிரியர் உங்கள் பாடசாலையில் இருந்தால் அவரிடம் கூற்றைப் பற்றி ஒரு பின்னேரம் கேட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பாடத்துக்கு அதைவிட நல்ல முன்னாயத்தம் எனக்குத் தெரியாது.

ஆங்கிலத்தில் படிப்பதில் இருக்கிற தனி லாபம், நம்மைப் பற்றி வெளியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை அடுத்தவர் மொழிபெயர்த்துத் தரும்வரை காத்திருக்காமல் தானே வாசிக்கலாம் என்பது. உங்கள் மாமியை இங்கே நினைக்கிறேன். இலங்கையில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த யஸ்மின் குணரத்ன 1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் படித்த கவிதை அது. தலைப்பு பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் ஆட்டத்தைக் குறிக்கிற சொல். தலைப்புச் செய்தியைக் கண்ட உல்லாசப் பயணிகள் விடுதி அறைகளை ரத்துச் செய்துவிட்டு ஓடுவதில் கவிதை தொடங்குகிறது. நம் வீடுகளில் அந்த நாட்களின் கதை அப்படித் தொடங்காது. தோட்டத்து லயத்துக் கதவைத் தட்டின சத்தத்தில் தொடங்கும், அல்லது கையில் எடுத்த துணி மூட்டையில் தொடங்கும். உங்கள் மகள் ஒருநாள் அந்தக் கவிதையையும் அப்பம்மாவின் 77ஆம் ஆண்டுக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். யார் எங்கே நின்று சொல்கிறார் என்று கேட்பாள். ஒன்றை வைத்து மற்றதைப் பொய்யாக்க வேண்டியதில்லை. கவிதை கவிஞர் நின்ற இடத்திலிருந்து சொல்கிறது, மாமி தான் நின்ற இடத்திலிருந்து சொல்கிறார். "படிக்க விடு" என்று மாமி ஏன் சொல்கிறார் என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. நீங்கள் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இனி, பாடசாலைக்குப் போகச் சொன்ன காரணம். இந்தப் பாடத்தைப் படிப்பிக்க விருப்பமுள்ள ஒரு ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இருக்கிறார் என்பது போதாது, விருப்பம் வேண்டும். வன்னியில் ஒரே ஆங்கில ஆசிரியர் தரம் 6இலிருந்து 11 வரை ஓடித்திரிகிற பாடசாலைகள் பல. அப்படிப்பட்டவருக்கு இந்த வகுப்பு மேலதிகப் பாரம். நேரசூசியில் இதற்குப் பாடவேளை தனியாக இருக்குமா, நடனத்துக்குப் போகிற பிள்ளைகள் போனபிறகு இந்தப் பிள்ளைகள் நூலகத்தில் சும்மா இருக்க வேண்டி வருமா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆசிரியர் இல்லை, ஆனால் பெயரைப் போட்டுவிடுங்கள் பார்க்கலாம் என்று சொன்னால், போடாதீர்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் ஆங்கிலப் பாடத்துக்குப் பொறுப்பானவரைக் கண்டு, கிழமையில் ஒருநாளாவது வேறு பாடசாலை ஆசிரியரை அனுப்ப வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து போனால் பேச்சுக்குப் பலம் இருக்கும். அதுவும் சரிவரவில்லை என்றால் தமிழ் இலக்கிய நயம் எடுக்கட்டும், ஆங்கிலக் கதைகளை வீட்டில் தன் பாட்டுக்கு வாசிக்கட்டும். ஆசிரியர் இல்லாத இலக்கிய வகுப்பு பிள்ளைக்கு அந்தப் பாடத்தையே வெறுக்கப் பண்ணிவிடும், அதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது நடனம். இதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது உறுத்துகிறது. ஒரே தொகுதி என்பதால் ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். மகளுக்கு நடனம் 80 புள்ளிக்கான பாடம் மட்டும்தானா, அல்லது சலங்கை கட்டினால் முகம் மாறுகிற பிள்ளையா? இரண்டாவது என்றால் அவளோடு இருந்து கதையுங்கள். ஆங்கிலம் என்றால் மதிப்பு என்று எவரோ சொன்னதைக் கேட்டு அவள் நடனத்தை விடுகிறாள் என்றால் அது வேண்டாம். தானே விரும்பித்தான் ஆங்கில இலக்கியம் கேட்கிறாள் என்றால் விடுங்கள். பாடசாலை விழாவில் ஆட எவரும் தடுக்கப் போவதில்லை.

புள்ளியைப் பற்றிய பயம் எனக்கு விளங்குகிறது. நடனத்தில் ஏ உறுதி, இதில் என்ன வருமோ என்று. 75க்கு மேல் ஏ, 65க்கு மேல் பி, 50க்கு மேல் சி. உயர்தரம் படிக்கத் தகுதி பெற 6 பாடத்தில் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், 3 பாடத்திலாவது சி அல்லது அதற்கு மேல் வேண்டும். உங்கள் மகளின் நிலையில் இந்த ஒரு பாடத்தில் சி வந்தால்கூட வாசல் அடைபடாது. இன்னொன்று, இலக்கியம் படிக்கிற பிள்ளைக்குக் கட்டாய ஆங்கிலத்தின் புள்ளி ஏறுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். வாசிப்புக் கூடினால் எழுத்துத் தானாகத் திருந்தும். 60 எடுக்கிற பிள்ளை இதற்குப் போதும். 60க்கும் பயம் என்றால், அந்த 50 புள்ளிப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டிய விடயம். ஆரம்பகாலத்தில் நானும் இந்தப் பாடத்தைப் பாடமாக்க வைத்துத்தான் படிப்பித்தேன். ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு கட்டுரை, நானே எழுதி, பிள்ளைகள் கொப்பியில் பார்த்தெழுதி, ஒப்புவிக்க வேண்டும். ஒரு வருடம் நல்ல கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி பரீட்சையால் வந்து, சேர் நீங்கள் தந்த கட்டுரையை ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன் என்று சந்தோசமாகச் சொன்னாள். வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். கேள்வி அந்தக் கவிதையைப் பற்றியதுதான், ஆனால் கேட்டது வேறு. நான் தாயின் துயரத்தைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தேன், அவர்கள் கேட்டது கவிஞர் பயன்படுத்திய ஓசையைப் பற்றி. அவள் கேள்வியை வாசிக்கவே இல்லை. வாசிக்க நான் பழக்கவில்லை. அவளிடம் அதை அன்றைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வினாத்தாளை மடித்துக் கையில் கொடுத்தேன். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன். போட்டோக்கொப்பிக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கிற நோட்ஸுக்கும், "கவிதைக்கு ஒரு கட்டுரை" என்று கொடுக்கிற ரியூசனுக்கும் காசைக் கொட்டாதீர்கள். பாடநூல் பாடசாலையில் இலவசம். கடந்தகால வினாத்தாள்களைப் பரீட்சைத் திணைக்களமும் தேசிய கல்வி நிறுவகமும் இணையத்தில் போட்டிருக்கின்றன. மாங்குளம் சந்தியில் சிக்னல் நல்லாகக் கிடைக்கிற இடத்தில் நின்று ஒருதரம் இறக்கி வைத்தால் வீட்டில் டேட்டா இல்லாமலே பார்க்கலாம். படிக்க வேண்டிய கவிதை, கதைகளின் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறும். அதனால் அக்காமாரின் பழைய புத்தகத்தை வாங்கி வைக்க முதல், மகளின் பரீட்சை ஆண்டுக்குரிய பட்டியல் எது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படி உதவுவது என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இந்தப் பாடத்தில் குறை இல்லை. உதவி என்றே சொல்வேன்.

பின்னேரம் நீங்கள் சமையல் அடுக்குப் பண்ணுகிற நேரம் அவள் அடுப்படிக்குள் வந்து இருக்கட்டும். அன்றைய பாடத்தை, கதையோ கவிதையோ, சத்தமாக வாசிக்கட்டும். மனதுக்குள் வாசிப்பது போதாது. வாயில் வராத ஆங்கிலம் கையிலும் வராது. முதல்தரம் வாசிக்கும்போது அகராதியைத் தொட வேண்டாம், தெரியாத சொல்லைத் தாண்டிப் போகட்டும், முழுதாக ஒருதரம் போய் முடியட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். இங்கேதான் நீங்கள் வேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் அவள் பாதியைச் சொல்லிவிட்டு மிச்சம் உங்களுக்கு விளங்கும் என்று விட்டுவிடுவாள். தெரியாததால் முழுக்கச் சொல்ல வேண்டும். தனக்கு விளங்காத இடத்தில் சொல்ல வராது, தடக்கி நிற்பாள். எங்கே தடக்குகிறாளோ அங்கேதான் திரும்ப வாசிக்க வேண்டும். ஒரு ஆசிரியருக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு தவணை எடுக்கும், உங்களுக்கு ஒரு கறி கொதிக்கிற நேரத்தில் தெரிந்துவிடும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்காமல் கேள்வி கேளுங்கள். இதை ஆர் சொல்கிறது? ஆருக்குச் சொல்கிறது? ஏன் உண்மையைச் சொல்லாமல் சுத்திச் சுத்திக் கதைக்கிறார்? அந்த ஆளை உனக்குப் பிடிச்சிருக்கா? செகோவ் எழுதிய கரடி என்ற நாடகத்தை என் மாணவி ஒருத்தி தன் தகப்பனுக்கு இப்படிச் சொன்னாள். அவர் பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர், கரடியிடம் தப்பி மரத்தில் ஏறி இருந்தவர். நாடகத்தில் கரடி வராது, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்து கத்துகிற ஒரு மனுசனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டதும், "கரடி சும்மா கத்தாது, பயந்தாத்தான் கத்தும். அந்த ஆளும் எதுக்கோ பயந்திருக்குது" என்றாராம். அவள் அதை அப்படியே ஆங்கிலத்தில், தனக்கு வந்த ஆங்கிலத்தில், விடையில் எழுதினாள். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. அந்த விடைக்கு நான் முழுப் புள்ளி போட்டேன்.

எழுத்து வேலைக்கு ஒரு கொப்பி போதும். வாசித்த நாளன்று மூன்றே மூன்று வசனம், தன் சொந்த ஆங்கிலத்தில்: எனக்கு இப்படித் தோன்றுகிறது, இந்தச் சொல்லால் தோன்றுகிறது, இது எனக்கு விளங்கவில்லை. மூன்றாவது வசனத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். அடுத்தநாள் ஆசிரியரிடம் அதைத்தான் கேட்க வேண்டும். பரீட்சைக் கட்டுரை எழுதுகிற முறையை தரம் 11இல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு இப்போது அவசரம் இல்லை.

பிற்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், 14 வயதுப் பிள்ளைக்கு இப்போதே எல்லாவற்றையும் முடிவுகட்ட வேண்டியதில்லை. உயர்தரத்தில் கலைப்பிரிவில் ஆங்கிலத்தை ஒரு பிரதான பாடமாக எடுக்கலாம், அதில் கவிதை, நாடகம், நாவல் எல்லாம் இன்னும் ஆழமாக வரும். எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் எழுதுகிற பொது ஆங்கிலம் வேறு, அது பல்கலைக்கழகத்துக்குத் தெரிவுசெய்யப் பார்க்கிற இசட் புள்ளிக் கணக்கில் சேராது. இரண்டையும் குழப்ப வேண்டாம். உயர்தரத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற பாடசாலைகள் நம் பக்கத்தில் குறைவு, அந்த நேரம் விடுதியில் விட வேண்டி வரலாம். ஆங்கில ஆசிரியராக வர விரும்பினால் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. விஞ்ஞானம் படித்துத் தாதியாகவோ பொறியியலாளராகவோ வந்தாலும் இந்த இரண்டு வருடம் வீண்போகாது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் வன்னிக்கு வந்தபோது மொழிபெயர்க்க ஆட்களைத் தேடித் திரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் ஓரளவு இருந்தார்கள். ஒரு தாய் அழுதழுது சொன்னதை அதன் கனம் குறையாமல் ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எத்தனையோ பேரின் கதை "குடும்பம் இடம்பெயர்ந்தது" என்ற ஒரு வரியாகச் சுருங்கிப் போனதை அருகிலிருந்து பார்த்தவன் நான். உங்கள் மகள் போன்ற பிள்ளைகள் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு ஆசைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படிவம் கொடுக்க இன்னும் நாள் இருக்கும். அதற்குள் பாடசாலை நூலகத்திலிருந்து சின்னதாக ஒரு ஆங்கிலக் கதைப் புத்தகம் எடுத்து வரச் சொல்லுங்கள், பத்துப் பக்கம் போதும். பெரியப்பாவையும் மாமியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, ஒரு பின்னேரம் எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும், பிறகு தமிழில் சொல்லட்டும். இடையில் பிழைவிட்டால் ஒருவரும் சிரிக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். பிறகு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியர்